சிடி4: ரத்தத்தில் ஒரு தலைக்கணக்கு

நம் சங்கத்து இதழில் சர்க்கரை நோய் பற்றியும் ரத்தக் கொதிப்பு பற்றியும் பல கட்டுரைகள் வந்துவிட்டன. வீட்டில் வாய்விட்டுப் பேசக் கூசுகிற நோய்களைப் பற்றித்தான் நாம் அதிகம் எழுதுவதில்லை. பிரேசர் டவுனில் குடியிருக்கும் எனக்கு, பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் சோதிப்பதுதான் முப்பது ஆண்டுக் காலப் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ரிப்போர்ட்டும் கையுமாக வருவதுண்டு. சர்க்கரை, கொழுப்பு என்றால் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு தாளை மட்டும் இன்னொரு தாளுக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்து, "கதவைக் கொஞ்சம் சாத்துங்கண்ணா" என்று சொல்லிக் காட்டுவார்கள். அதுதான் "சிடி4 எண்ணிக்கை" என்ற தாள்.

அந்தத் தாளில் இருப்பது ஒரே ஓர் எண். அந்த எண் என்ன, அது எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும் என்பது என் அனுபவம். அதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

நோய் தந்த பேட்டை

பெங்களூர்த் தமிழர்கள் கன்டோன்மென்ட் பகுதியைத் "தண்டு" என்பார்கள். அந்தத் தண்டுப் பகுதியில்தான் எங்கள் பிரேசர் டவுன் இருக்கிறது. இப்போது இதற்குப் புலகேசி நகர் என்று பெயர் வைத்திருந்தாலும், ஆட்டோக்காரரிடம் பிரேசர் டவுன் என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். வெளியூர் நண்பர்கள் மசூதி சாலையின் ரம்ஜான் மாதத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்காக இங்கே வருவார்கள். ஆனால் இந்தப் பேட்டை பிறந்ததே ஒரு கொள்ளை நோயால்தான் என்பது பலருக்குத் தெரியாது.

1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியது. நெருக்கமான குடியிருப்புகளில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினவர்கள் பலர். இன்றும் இந்த ஊரில் பல இடங்களில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன என்றால், அந்தப் பயம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நெரிசலைக் குறைக்க அமைக்கப்பட்ட புதிய குடியிருப்புகளில் ஒன்றுதான் பிரேசர் டவுன். மைசூர் மகாராஜாவுக்கு ஆசிரியராக இருந்து, பின்பு ரெசிடெண்டாகவும் இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை இதற்கு வைத்தார்கள். எலி நுழைய முடியாத தளம், காற்றோட்டம், அகலமான தெரு என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். பெங்களூரின் இந்தப் பிளேக் தடுப்பு நகரமைப்பு பற்றி ஜே.எச். ஸ்டீபன்ஸ் என்பவர் 1914-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

பிளேக்கை உண்டாக்கும் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் எர்சின் கண்டுபிடித்தார். எலியிடமிருந்து மனிதனுக்கு அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதை 1898-ல் கராச்சியில் சிமோன்ட் காட்டினார். காரணம் தெரியாத வரையில் மனிதர்கள் ஒருவரையொருவர் விரட்டினார்கள். காரணம் தெரிந்ததும் எலியை விரட்டினார்கள். எய்ட்ஸ் விஷயத்திலும் நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே என்று நினைக்கிறேன்.

மேஸ்திரி இல்லாத வேலைத்தளம்

நம் ரத்தத்தில் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் உண்டு என்பது பள்ளிப் பாடம். வெள்ளணுக்களில் லிம்போசைட் என்பது ஒரு வகை. அதிலும் ஒரு பிரிவுதான் டி செல்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சுரப்பியில் தேர்ச்சி பெற்று வருவதால் இந்தப் பெயர்.

டி செல்களிலும் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று, கிருமி புகுந்த செல்லை நேரடியாக அழிப்பது. மற்றொன்று, தானே சண்டைக்குப் போகாமல் மற்ற அணுக்களை வேலை வாங்குவது. கட்டடம் கட்டும் இடத்தில் மேஸ்திரி செய்யும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி ஒருவர் வராவிட்டால் கல்லும் சிமெண்டும் ஆளும் இருந்தும் வேலை நடக்காது. இந்த மேஸ்திரி செல்களைத்தான் ஹெச்.ஐ.வி. குறிவைத்துத் தாக்குகிறது. அவை குறையக் குறைய, நல்ல உடம்பில் அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியும் பூஞ்சைக் காளானும் தலைதூக்கிவிடுகின்றன.

ஆகவே, மேஸ்திரிகள் எத்தனை பேர் மீதி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கடம் என்னவென்றால், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லா லிம்போசைட்டும் ஒரே மாதிரி இருக்கும். உருண்டையாக, நடுவே நீலக் கருவோடு, இரட்டைப் பிள்ளைகளைப் போலத் தெரியும். வித்தியாசம் எல்லாம் அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களில்தான். அந்தப் புரதங்கள் கண்ணுக்குத் தெரியாது.

கதம்பமும் மல்லிச் சரமும்

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுப்பதுதான் எதிர்ப்பொருள், அதாவது ஆன்ட்டிபாடி. அந்நியப் பொருள் உள்ளே வந்தால் அதில் போய் ஒட்டிக்கொள்வதற்காக உடம்பு தயாரிக்கும் புரதம் இது. திண்டுக்கல் பூட்டுக்கு அதன் சாவி பொருந்துகிற மாதிரி, ஒவ்வொரு எதிர்ப்பொருளும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில்தான் போய் உட்காரும்.

அப்படியானால் மனித டி செல்லை ஒரு பிராணிக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை எடுத்துப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். பழைய காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அதில் கிடைப்பது கதம்பம். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் சேர்த்துக் கட்டிய சரம் போல, நூறு விதமான எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். வேறொரு பிராணியிடமிருந்து எடுத்தால் கலவையும் வேறாக இருக்கும். நமக்கு வேண்டியதோ சுத்தமான மல்லிச் சரம்.

அந்த மல்லிச் சரத்தைக் கட்டும் வழியை 1975-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள் இருவர். ஒருவர் அர்ஜென்டினாவில் பிறந்த சீசர் மில்ஸ்டீன், மற்றவர் ஜெர்மானியரான ஜார்ஜ் கோலர். எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் ஒரு பி செல்லுக்கு ஒரே ஒரு ரகத்தைத்தான் தயாரிக்கத் தெரியும். அதைத் தனியே எடுத்து வளர்த்தால் போதும், ஆனால் சில நாட்களில் அது செத்துவிடும். புற்றுநோய் செல்லோ ஓயாமல் பெருகும். சுண்டெலியின் பி செல்லையும் புற்றுநோய் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். பிறந்த கலப்புச் செல், ஒன்றிடமிருந்து கைத்தொழிலையும் மற்றதிடமிருந்து சாகாத ஆயுளையும் பெற்றது. அப்படி ஒரே ஒரு செல்லின் சந்ததி முழுவதும் தயாரிக்கும் ஒரே ரக எதிர்ப்பொருள்தான் மோனோகுளோனல் எதிர்ப்பொருள். இதற்காக இருவருக்கும், நீல்ஸ் ஜெர்னே என்பவருக்கும் சேர்த்து 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை பெரிய கண்டுபிடிப்புக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் எந்த நாட்டு விஞ்ஞானியும் இந்த முறையைத் தடையின்றிக் கையாள முடிந்தது.

1979-ல் அமெரிக்காவின் ஆர்தோ நிறுவனத்தில் பாட்ரிக் குங் என்பவரும் அவருடைய குழுவினரும் மனித டி செல்களின் அடையாளங்களைப் பிடிக்கும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களைக் கொண்டுவந்தார்கள். ஓகேடி3 என்பது எல்லா டி செல்லையும் பிடித்தது. ஓகேடி4 மேஸ்திரி செல்களைப் பிடித்தது. வேறு கூடங்களும் தாங்கள் தயாரித்ததற்குத் தங்கள் இஷ்டப்படி பெயர் வைக்க, குழப்பம் வந்துவிட்டது. ஊரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆபீசில் வேறு இனிஷியல் என்று திண்டாடும் நமக்கு இது புரியும். 1982-ல் பாரிசில் கூடிப் பேசி, எல்லாருக்கும் பொதுவாக சிடி என்ற எண் வரிசையைத் தொடங்கினார்கள். எல்லா டி செல்லுக்கும் உள்ள அடையாளம் சிடி3 ஆனது. மேஸ்திரியின் அடையாளம் சிடி4 ஆனது. கொல்லும் செல்லின் அடையாளம் சிடி8 ஆனது.

எண்ணிக்கை முந்தியது, கிருமி பிந்தியது

இந்தப் புதிய எதிர்ப்பொருள்கள் கைக்கு வந்த நேரமும் பொருத்தமாக அமைந்தது. 1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஐந்து இளைஞர்களுக்கு வழக்கத்தில் இல்லாத ஒரு நிமோனியா வந்திருப்பதாக மைக்கேல் காட்லீப் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் அறிவித்தார்கள். அத்தகைய நோயாளிகளின் ரத்தத்தை இந்த எதிர்ப்பொருள்களைக் கொண்டு சோதித்தபோது மேஸ்திரி செல்கள் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தன. எய்ட்ஸ் கிருமி பாரிசில் கண்டுபிடிக்கப்பட்டது 1983-ல்தான். ஆக, திருடன் யார் என்று தெரிவதற்கு முன்பே எந்தப் பெட்டி காலியாகியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

1984-ல் இன்னொரு உண்மையும் வெளிவந்தது. சிடி4 மேல் எதிர்ப்பொருளை ஒட்டிவிட்டால் அந்தச் செல்லுக்குள் கிருமி நுழைய முடியவில்லை. அதாவது, நாம் அடையாளமாகப் பார்க்கும் அதே புரதம்தான் கிருமி உள்ளே நுழையும் வாசல்.

நம் நாட்டுக்கு வருவோம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி, பாதிக்கப்பட வாய்ப்புள்ள பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பதற்கு அதுதான் முதல் சான்று. அன்று செய்தது, கிருமி வந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. வந்த பிறகு உடம்பில் பலம் எவ்வளவு மீதியிருக்கிறது என்று சொல்வது சிடி4 எண்ணிக்கை. இரண்டும் வேறு வேறு. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எப்படி எண்ணுகிறோம்?

ஊதா மூடி போட்ட குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுக்கிறோம். உறையாமல் இருக்க அதில் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இருக்கும். இந்தக் குழாயைக் குளிர்பெட்டியில் வைப்பதில்லை. அறை வெப்பத்தில் வைத்து, பொதுவாக இரண்டு நாளுக்குள் சோதித்துவிட வேண்டும்.

ரத்தத்தில் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களைக் கலக்கிறோம். சிடி3-க்கு ஒரு நிறம், சிடி4-க்கு ஒரு நிறம். இந்தச் சாயங்களில் ஒன்றான பைக்கோஎரித்ரின் சிவப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. பிறகு செல்களை ஒற்றை வரிசையில் லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடுகிறோம். தேரடியில் ஒவ்வொருவராக வரிசையில் போவது போலச் செல்கள் போகும். எந்தச் செல் எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். இந்தக் கருவிக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று பெயர்.

சிடி4 மட்டும் போதாதா, சிடி3 எதற்கு என்று கேட்கலாம். மோனோசைட் என்ற வேறு வகை வெள்ளணுவிலும் சிடி4 கொஞ்சம் உண்டு. அதையும் சேர்த்து எண்ணிவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். குடும்ப அடையாளமும் வேண்டும், தொழில் அடையாளமும் வேண்டும். இரண்டும் இருக்கிற செல்தான் கணக்கில் சேரும்.

ஒரு துளியை எண்ணி மொத்தத்தை எப்படிச் சொல்வது? ஒரு மூட்டை மொச்சையில் நூறு புளியங்கொட்டையைக் கலந்துவிட்டு, ஒரு கை அள்ளிப் பாருங்கள். கையில் பத்துப் புளியங்கொட்டையும் இருநூறு மொச்சையும் இருந்தால், மூட்டையில் இரண்டாயிரம் மொச்சை. கருவியிலும் இதே கணக்குதான். எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகளை ரத்தத்தோடு கலந்துவிடுகிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பெரியவர்கள் சொன்னதைத்தான் லேசர் வைத்துச் செய்கிறோம்.

விடை ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துக்கு இத்தனை என்று வரும். அது சிறு கடுகளவு ரத்தம். ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் மற்ற நோய்கள் தொற்றும் அபாயம் அதிகம்.

"மீதி எத்தனை மாசம்?"

2006-ல் ஒரு பெண் என்னிடம் வந்தார். திருப்பத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டு வேலை செய்து ஒரே மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். கையில் இரண்டு ரிப்போர்ட். முதலில் 240, நான்கு மாதம் கழித்து 212.

"நாலு மாசத்துல இருபத்தெட்டு போயிடுச்சு. அப்போ மாசத்துக்கு ஏழு. மீதி முப்பது மாசம்தானே அண்ணா? பாப்பா எட்டாவது முடிக்கிற வரைக்கும்கூட வராதே" என்றார். அழவில்லை. மளிகைக் கணக்குப் போடுவது போலப் போட்டு வைத்திருந்தார்.

நான் சொன்னேன்: "இது தீர்ந்துபோகிற பணம் இல்லையம்மா. காலையில் எடுத்தால் ஒரு அளவு, சாயங்காலம் எடுத்தால் ஒரு அளவு. சளி காய்ச்சல் இருந்தால் வேறு மாதிரி இருக்கும். ஒரே ஆளுக்கு இருபது, முப்பது கூடிக் குறைவது சகஜம். ஏறக்குறைய முப்பது சதவீதம் மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியம், மருந்து சாப்பிட்டால் இந்த எண் ஏறும்."

"ஏறுமா?" என்று கேட்டார். எண் இறங்கும் என்று மட்டும்தான் அதுவரை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசாங்கம் கூட்டு மருந்துகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அன்றைய விதிப்படி 200-க்குக் கீழே இறங்கினாலோ, நோய்க்குறிகள் இருந்தாலோதான் மாத்திரை. சில மாதங்களில் அவருக்கும் தொடங்கினார்கள். வேளை தவறாமல் சாப்பிட்டார். சில ஆண்டுகளில் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்பதுதான் அவருக்கு நோயைவிடப் பெரிய அடி. வேறு தெருவில் வீடு பார்த்துக் குடிபோனார். மகள் எட்டாவது மட்டுமல்ல, பட்டப்படிப்பையும் முடித்து இன்று வேலைக்குப் போகிறாள்.

இன்றைய நிலை

அதன் பிறகு நிறைய மாறிவிட்டது. 35 நாடுகளில் நடந்த ஸ்டார்ட் என்ற பெரிய ஆய்வு, எண்ணிக்கை இறங்கும் வரை காத்திருக்காமல் உடனே மருந்து தொடங்குவதே நல்லது என்று 2015-ல் காட்டியது. 2017 முதல் இந்தியாவிலும் கிருமி இருப்பது தெரிந்த எல்லாருக்கும், சிடி4 எவ்வளவு இருந்தாலும், மருந்து உண்டு. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, ரத்தத்தில் உள்ள கிருமியையே அளக்கும் வைரல் லோடு சோதனை இருக்கிறது. மருந்தால் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் அது துணைக்குப் பரவுவதில்லை என்பதும் உறுதியாகிவிட்டது.

அப்படியானால் சிடி4 சோதனை வேண்டாமா? வேண்டும். மருந்து தொடங்கும்போது உடம்பு எந்த நிலையில் இருக்கிறது, காசநோய்க்கும் மூளையைத் தாக்கும் பூஞ்சைக்கும் உடனே சோதனை வேண்டுமா, தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டுமா என்பதையெல்லாம் முடிவு செய்ய உதவுவது இந்த எண்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இயல்பாகவே எண்ணிக்கை அதிகம் என்பதால், அவர்களுக்குச் சதவீதத்தைப் பார்ப்பார்கள். பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டு "நன்றாகத்தானே இருக்கிறது" என்று இருந்துவிடக் கூடாது.

டி செல்லை அடையாளம் காட்டிய எதிர்ப்பொருள்கள் மருந்தாகவும் மாறின. ஓகேடி3 மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் காக்கும் மருந்தாக 1986-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மனிதருக்கு மருந்தாக வந்த முதல் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் அதுதான். நம் பெங்களூரின் பயோகான் நிறுவனமும் கியூபா நாட்டு ஆய்வு மையமும் சேர்ந்து, சிடி6 என்ற டி செல் அடையாளத்தில் ஒட்டும் இடோலிசுமாப் என்ற எதிர்ப்பொருளை உருவாக்கின. சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்காக அது 2013-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

நம் குடும்பங்களுக்கு

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நோய் வந்தால் சொந்த ஊருக்கும் சொல்ல முடியாமல், இங்கே கேட்கவும் ஆள் இல்லாமல் தவிப்பவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

அரசாங்க ஏ.ஆர்.டி. மையங்களில் இந்தச் சோதனையும் மருந்தும் இலவசம். எங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் சிவாஜி நகர் பவ்ரிங் மருத்துவமனையில் அத்தகைய மையம் இருக்கிறது. 1097 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்து பெயர் சொல்லாமலே விவரம் கேட்கலாம். வேறு ஊருக்கு மாறிப்போகும்போது, மையத்தில் சொல்லி மாற்றுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் மருந்து நின்றுவிடக் கூடாது.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டாதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக வைத்திருங்கள். முடிந்தவரை ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, இந்த நோயைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதும், வாடகைக்கு வீடு மறுப்பதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் விடுவதும் தடை செய்யப்பட்ட பாகுபாடு. ஒருவருடைய நோய் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. வாடகைக்கு வீடு விடும் நம் சங்கத்து அன்பர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். தொட்டுப் பேசுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதாலோ ஹெச்.ஐ.வி. பரவாது.

எண்ணுவது எதிர்ப்பொருளின் வேலை, அதை வைத்து மருந்து கொடுப்பது டாக்டரின் வேலை. எண்ணிக்கை குறைந்த மனிதரை நம் கணக்கிலிருந்து நீக்காமல் பார்த்துக்கொள்வது அக்கம்பக்கத்தில் இருக்கும் நம் வேலை.